ஐந்து அணி கான்ஃபரன்ஸில் ஆறாவதாகச் சேருவது பற்றி

உங்கள் கான்ஃபரன்ஸில் (தங்களுக்குள் ஆடும் அமெரிக்கக் கல்லூரிகளின் கூட்டமைப்பில்) ஆண்கள் லக்ராஸ் (வலைபோட்ட மட்டையால் பந்தைப் பிடித்து எறிந்து ஆடும் ஆட்டம்) அணிகள் ஐந்துதான், புதிதாக அணி தொடங்கி ஆறாவதாகச் சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சேருங்கள். கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான முதல் டிவிஷனில், என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) சாம்பியன்ஷிப் போட்டிக்கு கான்ஃபரன்ஸ் வெற்றியாளருக்கு நேரடி இடம் கிடைக்கப் பொதுவாக ஆறு அணிகள் வேண்டும். ஐந்து அணிகளோடு இருந்த ஏசிசி என்ற கான்ஃபரன்ஸுக்கு, எவ்வளவு பலமாக இருந்தும் பல வருடம் அந்த இடம் கிடைக்கவில்லை. பிக் டென் என்ற இன்னொரு கான்ஃபரன்ஸ், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தை லக்ராஸுக்கு மட்டும் சேர்த்துக்கொண்டு 2015 சீசனில் ஆறு அணிகளை எட்டியது.

பயிற்சியாளரை முதல் ஆட்டத்துக்கு ஒன்றரை வருடம் முன்பே எடுங்கள். அணியில் சேர்ப்பது பற்றி, 11ஆம் வகுப்பின் செப்டம்பர் 1க்கு முன் பள்ளி மாணவர்களிடம் பேசக் கூடாது. அதன்பின் நல்ல ஆட்டக்காரர்கள் மளமளவென்று வேறு கல்லூரிகளுக்குப் போய்விடுவார்கள். முதலில் ஃபேஸ்ஆஃப் (நடுவில் வைத்த பந்துக்கு இரு அணியிலிருந்தும் ஒருவர் மோதுவது) எடுக்க இருவரைப் பிடியுங்கள். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் ஃபேஸ்ஆஃப்தான், அதில் தோற்றுக்கொண்டே இருந்தால் பந்து கைக்கே வராது. இன்னொன்று, 40 ஆண்கள் கூடினால் டைட்டில் நைன் (கல்வி நிறுவனங்களில் ஆண், பெண் இருவருக்கும் சம வாய்ப்பு கேட்கும் அமெரிக்கச் சட்டம்) கணக்கு மாறும். பெண்கள் அணியையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.