பெரியப்பாவின் பைப் – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். போன மாதம் நீங்கள் நம் மலேசிய வழக்கறிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமான கர்பால் சிங்கைப் பற்றி எழுதியதைப் படித்தேன். உருக்கமாக இருந்தது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அவர் நாடாளுமன்றத்தில் கர்ஜித்தார், சரி. தொகுதியில் லோங்காங்கை, அதாவது சாக்கடையை, சுத்தம் செய்தாரா?

கேட்கக் காரணம் இருக்கிறது. எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால் உள்ள லோங்காங் எட்டு மாதமாக அடைத்துக் கிடக்கிறது. ஒரு மணி நேரம் மழை பெய்தால் போதும், கீழே மோட்டார் நிறுத்தும் இடமெல்லாம் கறுப்புத் தண்ணீர். (மூன்று படங்கள் இணைத்துள்ளேன்.) எங்கள் ஒய்.பி.யின் (நாடாளுமன்ற உறுப்பினரின்) சேவை மையத்துக்கு நான்கு முறை போய்விட்டேன். அவரோ கோலாலம்பூரில் அரசியல் சாசனம் பற்றியும் காஸா பற்றியும் பேசிக்கொண்டிருக்கிறார். தீபாவளிக்கு மட்டும் ஹேம்பர் (பரிசுக்கூடை) தூக்கிக்கொண்டு வந்து படம் எடுத்துக்கொண்டார். உள்ளூர் வேலையைப் பார்க்காதவருக்கு நாட்டு விஷயம் எதற்கு? அடுத்த தேர்தலில் யாருக்குப் போடுவது? எனக்கு அரசியல் பிடிக்காது, இருந்தாலும் கேட்கிறேன்.

பி.கு.: எங்கள் மாடியில் ஒரு பெண் இருக்கிறார். அவரும் கணவரும் சிவப்பு ஐ.சி. (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளின் அடையாள அட்டை). அவருக்கு இது ஏழாம் மாதம். பிள்ளைக்குக் குடியுரிமை கிடைக்குமா என்று கேட்க நான்தான் சேவை மையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

ம., பினாங்கு

*

அன்புள்ள ம.,

உங்கள் கடிதமே அந்தப் பி.கு.தான். லோங்காங்குக்கு மூன்று படமும் ஒரு முழுப் பத்தியும். பிறக்கப்போகிற பிள்ளைக்கு நாலு வரி, அதுவும் கையெழுத்துக்குப் பக்கத்தில். கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. ஏழு மாதக்காரியை உடன் அழைத்துக்கொண்டு போய்க் கேட்டவர் நீங்கள். அண்டை வீட்டுக்காரர்கள் எத்தனை பேர் அதைச் செய்வார்கள்? அதற்காகத்தான் எழுதுகிறேன். லோங்காங் மட்டும் இருந்திருந்தால் பதில் போட்டிருக்க மாட்டேன்.

ஹேம்பரை விடுங்கள். எல்லோரும் கொடுக்கிறார்கள், எல்லோரும் வாங்குகிறோம். காஸாவைப் பற்றி அவர் பேசுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 'எனக்கு அரசியல் பிடிக்காது' என்ற வரியை மட்டும் அடித்துவிட்டுப் படித்தேன். சேவை மையத்துக்கு நான்கு முறை நடந்த மனிதர் பேசுகிற பேச்சா அது?

என் பெரியப்பாவும் சிவப்பு ஐ.சி.தான். நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் அவரும் அப்பாவும் பால்மரம் வெட்டினார்கள். சுதந்திரம் வந்த பிறகு ஒரு வருடத்துக்கு, மொழித் தேர்வு இல்லாமலே குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளலாம் என்று இருந்தது. தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஒருவர் வீடு வீடாக வந்து ஆட்களைக் கிளப்பிக்கொண்டு போனார். அப்பா போனார். பெரியப்பாவின் ஆடு அன்றைக்குக் குட்டி போட்டிருந்தது. "அடுத்த வாரம் வாறேன்" என்றாராம். எங்கள் வீட்டில் இன்றுவரை யாராவது ஒரு வேலையைத் தள்ளிப்போட்டால் "ஆடு குட்டி போட்டிருச்சா?" என்றுதான் கேட்போம்.

1969 தேர்தலுக்குச் சில வாரம் முன்பு எங்கள் லைனுக்கு, அதாவது தோட்டக் குடியிருப்பு வரிசைக்கு, தண்ணீர்ப் பைப் வந்தது. அதுவரை கிணறுதான், வறட்சி மாதத்தில் அதுவும் சேறு. பைப் போட வைத்த வேட்பாளருக்குப் பெரியப்பா மாலை போட்டார். அவர் பெயர் வேண்டாம். பெரியப்பாவுக்கு ஓட்டே கிடையாது. ஆனால் ஓட்டு இருந்த ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "நமக்குத் தண்ணி குடுத்த மனுஷன், மறந்துறாதீங்க" என்று கும்பிட்டார்.

அந்த மனிதரின் தரப்புதான் அதற்கு முந்தைய வருடம், 1968இல், குடிமகன் அல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற சட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் கை தூக்கியிருந்தது. லைனில் ஒருவருக்கும் அது தெரியாது. பைப்பைத் திறந்தால் தண்ணீர் வந்தது, அது தெரியும். 1970இல் பெரியப்பாவுக்குப் பெர்மிட் இல்லை என்றார்கள். பினாங்குத் துறைமுகத்தில் ரஜூலா கப்பலில் ஏற்றிவிட்டோம். எனக்கு 11 வயது. தகரப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் தலையைத் தடவிக்கொண்டே, "பைப்ப இறுக்கி மூடச் சொல்லுடா, ராத்திரியெல்லாம் ஒழுகுது" என்றார். அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது. அந்தச் சில வருடங்களில் அப்படிக் கப்பலேறியவர்கள் ஏறத்தாழ 60,000 பேர்.

நாட்டு விஷயம் ஒரு பக்கம், தொகுதி வேலை ஒரு பக்கம் என்று நீங்கள் கோடு கிழிக்கும்போது எனக்கு அந்தப் பைப்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

கர்பாலுக்கு வருகிறேன். லோங்காங்குக்காக அவருடைய பினாங்குத் தொகுதியான ஜெலுத்தோங் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பவில்லை. 1978இல் முதல் முறை அனுப்பியது. 1987 அக்டோபரில் ஓப்பராசி லாலாங் என்ற கைது வேட்டையில், விசாரணையின்றித் தடுத்து வைக்கும் இசா சட்டத்தில் பிடித்துப்போனார்கள். 1988 மார்ச்சில் ஈப்போ உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. சில மணி நேரத்துக்குள் திரும்பவும் பிடித்தார்கள். 1989 ஜனவரியில்தான் வெளியே வந்தார். கமுந்திங் தடுப்பு முகாமில் இருப்பவர் யார் வீட்டு லோங்காங்கைப் போய்ப் பார்ப்பார்? 1990இல் ஜெலுத்தோங் மறுபடியும் அவரையே அனுப்பியது. 1999இல் தோற்கடித்ததும் அதே ஜெலுத்தோங்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். வாழ்நாள் முழுக்கத் தூக்குக் கயிற்றுக்கு எதிராக வாதாடியவர் 2014இல் சாலை விபத்தில் போனார். கட்டாய மரண தண்டனை நீங்கியது 2023இல். எட்டு மாதம் உங்களுக்கு நீளமாகத் தெரிகிறது.

சரி, லோங்காங் யாருடைய வேலை? மன்றத்தின் வேலை. உங்கள் பகுதியின் மாநகர் மன்றம் எதுவோ அதன் வேலை. நாடாளுமன்ற உறுப்பினர் கையில் அதற்கு ஒரு மண்வெட்டி கூடக் கிடையாது. உங்கள் வட்டாரத்தைப் பார்த்துக்கொள்ளும் கவுன்சிலர் யார்? நான்கு முறை போனீர்களே, ஒரு முறை கேட்டீர்களா? பெயர் தெரிந்திருக்காது. ஏனென்றால் அவருக்கு நீங்கள் ஓட்டுப் போடவில்லை. போடவும் முடியாது. மாநில அரசு நியமிக்கிறது. ஒரு மன்றத்துக்கு அதிகம் போனால் 24 பேர், கட்சிகள் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்கின்றன.

கிழவன் ஆரம்பித்துவிட்டான் என்று நண்பர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மலாயாவில் முதல் நகராட்சித் தேர்தல் நடந்ததே நம் ஜோர்ஜ்டவுனில்தான், 1951 டிசம்பரில். சுதந்திரத்துக்கு முன்பே, நாடாளுமன்றம் என்று ஒன்று வருவதற்கு முன்பே, இந்த ஊர்க்காரன் தன் லோங்காங்குக்கு ஓட்டுப் போட்டிருக்கிறான். 1957 ஜனவரி 1ஆம் தேதி ஜோர்ஜ்டவுன் மாநகரானது. முதல் மேயர் டி.எஸ். ராமநாதன், தொழிற்கட்சிக்காரர். நான் ஸ்காட் ரோடு என்றே சொல்லிப் பழகிய சாலைக்கு இன்று அவர் பெயர்தான். அந்த வழியே தினமும் கார் ஓட்டுகிறவரை நிறுத்தி யார் இந்த ராமநாதன் என்று கேட்டுப்பாருங்கள். நான் கேட்டிருக்கிறேன். "யாரோ டாக்டராக இருப்பார்" என்றார் ஒருவர்.

1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடன் கொன்ஃபிரொந்தாசி (மோதல்) நடக்கிறது, இப்போது தேர்தல் வேண்டாம் என்றார்கள். தற்காலிகம்தான் என்றார்கள். கொன்ஃபிரொந்தாசி மறு வருடமே முடிந்தது. தேர்தல் திரும்பி வரவில்லை. 1976இன் உள்ளாட்சிச் சட்டம் அதன் மேல் மண்ணைப் போட்டு மூடியது. 2008இல் பினாங்கில் ஆட்சி மாறியபோது என்னைப் போன்றவர்கள் துள்ளிக் குதித்தோம். 2012இல் மாநிலச் சட்டமன்றம் உள்ளாட்சித் தேர்தலுக்கு ஒரு சட்டம் போட்டது. 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. கோலாலம்பூர் மனம் வைத்தால்தான் முடியும் என்றாகிவிட்டது. 2018இல் நம் ஆட்களே கூட்டரசு ஆட்சி நடக்கும் புத்ராஜெயாவில் போய் உட்கார்ந்தார்கள். அப்போதும் மனம் வரவில்லை. கேட்டால் இனப் பிரச்சினை வரும் என்கிறார்கள். லோங்காங்கில் என்ன இனம்? கொசு யாரையும் ஐ.சி. கேட்டுக் கடிக்கவில்லை. நான் டிங்கியில் பத்து நாள் படுத்துக் கிடந்தவன், உங்கள் லோங்காங்கைச் சின்ன விஷயம் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

(கோலாலம்பூர்க்காரர்கள் நம்மைவிடப் பாவம். 11 நாடாளுமன்றத் தொகுதி இருக்கிறது. சட்டமன்றம் இல்லை, கவுன்சிலரும் இல்லை, டத்தோ பண்டார் (மேயர்) நியமனம். ஒரே ஒரு ஓட்டை வைத்துக்கொண்டு மரம் வெட்டுவதிலிருந்து மந்திரிசபை வரைக்கும் அதிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.)

இதனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். மன்றத்தைத் தண்டிக்க வழியில்லை, அதனால் நீங்கள் ஒய்.பி.யின் சட்டையைப் பிடிக்கிறீர்கள். உங்கள் லோங்காங்குக்கு அவர் காசு தேட வேண்டும். காசு இருப்பது அரசாங்கத்தின் ஒதுக்கீட்டில். எதிர்க்கட்சியில் இருந்தால் அது பெரும்பாலும் கிடைக்காது. ஆளும் தரப்பில் இருந்தால் கிடைக்கும், ஆனால் ஒரு மசோதா பிடிக்கவில்லை என்று எழுந்து நிற்கும்போது அவருக்குத் தன் தொகுதி லோங்காங்கெல்லாம் கண் முன்னால் வருமா வராதா? உட்கார்ந்துவிடுவார். உட்கார வைத்ததில் நமக்கும் பங்கு இருக்கிறது. லோங்காங் அடைத்ததைப் படம் எடுக்கலாம். வாய் அடைத்ததை எப்படிப் படம் எடுப்பது?

இப்போது அந்தப் பெண். இந்த நாட்டில் பிறக்கும் பிள்ளையின் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் பிள்ளை குடிமகன் என்று சாசனத்தில் இருந்தது. சிவப்பு ஐ.சி. என்பது நிரந்தரவாசி. 2024 அக்டோபர் 17ஆம் தேதி மக்களவையில் ஒரு சாசனத் திருத்தம் நிறைவேறியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்களுக்கு நியாயம் செய்யும் நல்ல திருத்தம், பல வருடம் போராடி வாங்கியது. அதே பொட்டலத்தில், நிரந்தரவாசி என்ற சொல்லை எடுத்துவிடும் திருத்தத்தையும் வைத்துக் கட்டிவிட்டார்கள். இரண்டையும் பிரித்துத் தாருங்கள் என்று வெளியே கேட்டவர்கள் இருந்தார்கள். பிரிக்கவில்லை. 206 பேர் ஆதரித்தார்கள். உங்கள் ஒய்.பி. 'அரசியல் சாசனம் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்' என்று சலித்துக்கொண்டீர்களே, அது எந்தச் சாசனப் பேச்சு என்று பார்த்தீர்களா? உங்கள் மாடிப் பெண்ணின் வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பற்றிய பேச்சாக இருக்கலாம். அன்றைக்கு அவர் வாயைத் திறந்தாரா, திறந்திருந்தால் என்ன சொன்னார் என்று ஹன்சாட்டில் (நாடாளுமன்றப் பேச்சுப் பதிவில்) இருக்கும். நாடாளுமன்றத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஐந்தாவது முறை சேவை மையத்துக்குப் போகும்போது அதை அச்செடுத்துக்கொண்டு போங்கள். லோங்காங்கை அன்று பேச வேண்டாம்.

அதற்கும் முன்னால் ஒரு காரியம். சட்டத்தின் அமலாக்கத் தேதியும் பிள்ளை பிறக்கும் தேதியும் முன்பின் ஆவதில்தான் எல்லாம் இருக்கிறது. பிரசவம் வரைக்கும் காத்திருக்காமல் இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். காசில்லை என்றால் பினாங்கில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது, அங்கே போய் விசாரியுங்கள். இரண்டு பேருடைய ஐ.சி.யும் கையில் இருக்கட்டும். கல்யாணத்தைப் பதிந்திருக்கிறார்களா, இல்லை கோயிலில் தாலி கட்டியதோடு சரியா? நம் ஆட்களிடம் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. பதியவில்லை என்றால் அதையும் சேர்த்துச் சொல்லி என்ன செய்யலாம் என்று கேளுங்கள். பிள்ளை பிறந்ததும் 60 நாளுக்குள் பிறப்பைப் பதிந்தாக வேண்டும். தகப்பனுக்கு வேலை, தாய்க்கு உடம்பு முடியவில்லை என்று நாள் தள்ளிப்போனால் நீங்களே நின்று கிளப்புங்கள். ஆடு குட்டி போட்ட கதையை அவர்களிடம் சொல்லுங்கள்.

யாருக்கு ஓட்டு என்று கேட்டிருந்தீர்கள். நான் சொன்னால் கேட்கவா போகிறீர்கள்?

பிள்ளை பிறந்ததும் எழுதுங்கள், ஆணா பெண்ணா, எடை எவ்வளவு, எல்லாம். லோங்காங் படம் இனி வேண்டாம்.

அன்புடன்