கடவுச்சொல் கசிந்தால் முதலில் எதை மாற்றுவது?

கேள்வி: நான் பொருள் வாங்கும் இணையக் கடையொன்று, வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் கடவுச்சொற்களும் திருடப்பட்டுவிட்டதாக அறிவித்துள்ளது. மின்னஞ்சலுக்கும் அதே கடவுச்சொல்தான். என்ன செய்வது? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: கடைக் கணக்கு சற்றுப் பொறுக்கும், மின்னஞ்சலின் கடவுச்சொல்லை இப்போதே மாற்றிவிடுங்கள், சகோதரி. 'கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்' என்று அழுத்தினால் பெரும்பாலான தளங்கள் புதுப்பிக்கும் இணைப்பை அனுப்புவது மின்னஞ்சலுக்கே என்பதால், அதைக் கைப்பற்றியவர் மற்றக் கணக்குகளையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிட முடியும். ஓரிடத்தில் கசிந்த முகவரியையும் கடவுச்சொல்லையும் திருடர்கள் தானியங்கி நிரல்களால் வேறு பல தளங்களிலும் முயன்று பார்ப்பார்கள். ஆகவே பழைய சொல்லின் இறுதியில் ஓர் எண்ணைச் சேர்ப்பது போதாது, ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியான, நீளமான கடவுச்சொல் வேண்டும்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்றுண்டு. மின்னஞ்சல் அமைப்புகளில், உங்கள் கடிதங்களை வேறொரு முகவரிக்குத் திருப்பிவிடும் கட்டளை ஏதும் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால், கடவுச்சொல்லை மாற்றிய பின்பும் அது தொடர்ந்து இயங்கக்கூடும். உங்கள் கணக்கில் நுழைந்திருக்கும் அறிமுகமற்ற கருவிகளையும் அதிலிருந்து வெளியேற்றுங்கள்.

கடவுச்சொல்லோடு ஒரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு, குறுஞ்செய்தியைவிடக் குறியீடு தரும் செயலியே பாதுகாப்பானது. உங்கள் இலக்கத்துக்கு வேறொருவர் மாற்று சிம் பெற்றுவிட்டால் குறுஞ்செய்தி அவரிடமே போய்ச் சேரும். இழப்பீடு தருவதாக இனி வரும் அழைப்புகளை நம்பிக் குறியீட்டைச் சொல்லிவிடாதீர்கள்.