உளவாளிக்கு எதற்குப் பெயர்ப் பலகை?

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் உளவு வேலை பார்த்தவர்கள் வாழ்ந்த லண்டன் வீடுகளில் நீல நிற நினைவுப் பலகை பதிக்கிறார்களே, ரகசியமாக வேலை செய்தவர்களுக்குப் பகிரங்கப் பலகை எதற்கு? அதிலும் நூர் இனாயத் கான் திப்பு சுல்தானின் வம்சம். திப்புவின் பிள்ளைகளை வேலூர்க் கோட்டையில் அடைத்து வைத்த ஆங்கிலேயருக்காக வேலை செய்தவரை நாம் கொண்டாட வேண்டுமா?
- வாசகர் ஒருவர், ஆம்பூர்

பதில்: ரகசியம் போர் முடியும்வரைதான் தேவை. அதற்குப் பிறகும் அவர்கள் பெயரை மூடி வைப்பது நாஜிகள் விரும்பியதை நாமே செய்து முடிப்பதாகும்.

பிடிபட்ட நூரை ஜெர்மானியர்கள் 'இரவும் மூடுபனியும்' என்ற வகைக் கைதியாக வைத்திருந்தார்கள். அந்த வகையில் சேர்க்கப்பட்டவர் எங்கே இருக்கிறார், உயிரோடுதான் இருக்கிறாரா என்று வெளியே ஒருவருக்கும் தெரியக்கூடாது. ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் சுமார் பத்து மாதம் விலங்கோடு தனிக் கொட்டடியில் கிடந்தார். அங்கிருந்துகொண்டே, சாப்பாட்டுக் கிண்ணத்தின் அடியில், தான் பயன்படுத்திய நோரா பேக்கர் என்ற மாற்றுப் பெயரையும் லண்டன் முகவரியையும் கீறி, மற்றப் பெண் கைதிகளுக்குத் தான் யார் என்று தெரியப்படுத்தினார். 4, டாவிட்டன் தெரு. 2020 ஆகஸ்டில் பலகை பதித்தது அந்த வீட்டில்தான். தன்னை அடையாளம் காண அவரே எழுதிக் கொடுத்த முகவரி அது.

1944 செப்டம்பர் 13 அன்று டாஹாவ் நாஜி வதைமுகாமில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 30. உடலை எரித்துவிட்டதால் கல்லறை கிடையாது. போருக்குப் பின் தேடிப் போனவர்கள்கூட முதலில் வேறொரு முகாமில் இறந்ததாகவே முடிவு கட்டினார்கள். இப்படிப்பட்டவரின் பெயரைச் சுவரில் எழுதுவதை விளம்பரம் என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது?

சரி, ஆங்கிலேயருக்காக வேலை செய்தார் என்பதற்கு வருவோம். அவர் வளர்ந்தது பாரிஸ் பக்கம். தந்தை பரோடாவைச் சேர்ந்த சூஃபி, வீணைக் கலைஞர். தான் வளர்ந்த நாட்டை ஹிட்லரின் படை பிடித்தபோது எதிர்த்து நிற்க முடிவு செய்தார். 1942-ல் அதிகாரிப் பதவிக்கான நேர்காணலில் இந்தியாவைப் பற்றிக் கேட்டார்கள். போர் நடக்கும்வரை பிரிட்டனுக்கு விசுவாசமாக இருப்பேன், முடிந்த பிறகு இந்தியாவின் பக்கம் நிற்க நேரலாம் என்று மறைக்காமல் சொன்னார். அந்த மேஜைக்கு முன்னால் அப்படிப் பேச எவ்வளவு நேர்மை வேண்டும்! 1943 ஜூனில் வயர்லெஸ் இயக்குபவராக பிரான்சுக்குள் போனார். சில நாட்களிலேயே அவருடைய குழுவினர் வரிசையாகப் பிடிபட்டார்கள். லண்டன் திரும்பி வரச் சொல்லியும் மறுத்தார். வயர்லெஸ் கருவியோடு இடம் மாறி மாறி அக்டோபர்வரை செய்தி அனுப்பினார். அப்புறம்தான் யாரோ காட்டிக்கொடுத்தார்கள். அந்த நான்கு மாதத்தில் திப்புவுக்கு எதிராக அவர் என்ன செய்துவிட்டார்?

உங்களுக்குக் கோபம் வரவேண்டிய விஷயம் வேறு ஒன்று இருக்கிறது. அது தாமதம். ராவென்ஸ்ப்ரூக் முகாமில் 23 வயதில் கொல்லப்பட்ட வயலட் ஸாபோவுக்கு ஸ்டாக்வெல் வீட்டில் 1981-லேயே பலகை வந்துவிட்டது. நூருக்கும் அவருக்கும் வீரத்துக்காக பிரிட்டன் தரும் ஒரே ஜார்ஜ் கிராஸ் விருதுதான், பிரிட்டனின் ஒரே உளவு அமைப்பில்தான் வேலை. நூருக்கு வர இன்னும் 39 ஆண்டு ஆனது. லண்டனில் நீலப் பலகை பெற்ற முதல் இந்திய வம்சாவளிப் பெண்ணே அவர்தான். பலகை பதிக்கத் தொடங்கியதோ 1860-களில்! பிரிட்டனுக்காக உளவு பார்த்த போலந்துக்காரரான கிறிஸ்டின் கிரான்வில் கதை இன்னும் மோசம். போர் முடிந்ததும் அவரைக் கைகழுவினார்கள், கப்பலில் பணிப்பெண்ணாக வேலை பார்த்தார். 1952-ல் கென்சிங்டனில் அவர் கத்திக்குத்தில் இறந்த விடுதிக் கட்டடத்துக்கும் 2020-ல்தான் பலகை போய்ச் சேர்ந்தது.

பலகைக்கு யாரை வேண்டுமானாலும் பொதுமக்களே பரிந்துரைக்கலாம். இறந்து 20 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், வாழ்ந்த கட்டடம் நிற்க வேண்டும் என்பவை முக்கிய நிபந்தனைகள். நூருக்கு இந்த இரண்டு தகுதியும் 1964-லேயே இருந்தன.