தூரம் மட்டும் மங்குகிறதா? லென்ஸைக் கழற்றக் கொடுக்காதீர்கள்

கேள்வி: வாப்பா வைத்திருந்த பழைய பென்டக்ஸ் கமராவின் சுப்பர் டக்குமார் 55 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை, எம் 42 அடாப்டர் (பழைய திருகு லென்ஸை வேறு கமராவில் பூட்ட உதவும் வளையம்) வாங்கி என்னுடைய நிக்கோன் டி5300 கமராவில் பூட்டினேன். கிட்டத்தில் பூ, பிள்ளைகளின் முகம் எல்லாம் அருமையாக வருகின்றன. கடற்கரையில் தோணியை எடுத்தால் ஒரே மங்கல். அடாப்டர் விற்ற கடையில் காட்டினேன். உள்ளே பங்கஸ் (பூஞ்சணம்) பிடித்திருக்கிறது, கொழும்புக்கு அனுப்பிக் கழுவ 9,500 ரூபாய் என்கிறார்கள். கொடுக்கலாமா? (வாசகர், சாய்ந்தமருது)

பதில்: கொடுக்க வேண்டாம். லென்ஸ் கடையில் இருந்தால் இன்றே திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

பங்கஸுக்குக் கிட்டம் தூரம் தெரியாது. கண்ணாடியில் படத்தைக் கெடுக்கும் அளவுக்குப் பங்கஸ் இருந்தால் பூவும் வெளிறித்தான் வரும், தோணியும் வெளிறித்தான் வரும். வெயிலுக்கு எதிராகப் பிடித்தால் முழுப் படமும் பால் ஊற்றினதுபோல இருக்கும். உங்களுக்குப் பிள்ளையின் முகம் தெளிவாக வருகிறதென்றால் கண்ணாடி நன்றாக இருக்கிறது. கோளாறு அடாப்டரில். இன்னும் சரியாகச் சொன்னால், 1.04 மில்லிமீற்றரில்.

ஒவ்வொரு கமராவிலும் லென்ஸ் பூட்டும் வளையத்திலிருந்து சென்சர் வரைக்கும் ஒரு கட்டாய இடைவெளி உண்டு. உங்கள் டக்குமார் 45.46 மி.மீ. இடைவெளிக்குச் செய்யப்பட்டது. நிக்கோனில் அது 46.5 மி.மீ. ஆக, அடாப்டர் கடதாசித் தடிப்பில் இருந்தாலும் லென்ஸ் தன் இடத்தைவிட 1.04 மி.மீ. முன்னே தள்ளித்தான் நிற்கும். சந்தையில் கிடைக்கும் தட்டை வளையம் தன் பங்குக்கு இன்னும் ஒரு மில்லிமீற்றர் அளவு கூட்டும். தூரத்துப் பொருளைப் பிடிக்க லென்ஸ் உள்ளே போக வேண்டும்; அதற்கு இடமில்லை. 55 மி.மீ. லென்ஸ் 1 மி.மீ. தள்ளி நின்றால் சுமார் 3 மீற்றருக்கு அப்பால் எதுவும் தெளியாது. 2 மி.மீ. என்றால் ஒன்றரை மீற்றரோடு சரி. அப்பேச்சரை (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையை) எஃப் 16க்குச் சுருக்கிப் பார்த்தாலும் அந்த ஒன்றரை மீற்றர் இரண்டைக்கூடத் தொடாது.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். லென்ஸைப் படுத்த எட்டுக் குறிக்கு, அதாவது இன்ஃபினிட்டிக்கு (முடிவில்லாத் தூரத்துக்கு) திருப்பி அப்படியே விடுங்கள். விறாந்தைச் சுவரில் ஒரு பத்திரிகைத் தாளை ஒட்டி, லைவ் வியூவில் (கமராவின் பின் திரையில்) பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே பின்னுக்கு நடவுங்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தில் எழுத்து கூர்மையாகி, அதைத் தாண்டியதும் கலங்கும். அந்த இடத்திலிருந்து சுவர்வரை நாடா பிடித்து அளந்து பாருங்கள். ஒன்றரைக்கும் மூன்று மீற்றருக்கும் இடையில் இருந்தால் கடைக்காரரோடு பேச வேறு சாட்சி தேவையில்லை.

பங்கஸ் சந்தேகமும் தீர வேண்டுமென்றால் லென்ஸைக் கமராவிலிருந்து கழற்றுங்கள். அப்பேச்சரை முழுவதும் திறந்து, பின்பக்கத்திலிருந்து டோர்ச் லைட்டைச் சரிவாக அடித்து, முன்னாலிருந்து பாருங்கள். சிலந்தி வலைபோல் கிளைவிட்ட நூல்கள் தெரிந்தால் அது பங்கஸ். ஊசிமுனை அளவு புள்ளிகள் தூசு. ஐம்பது வருட லென்ஸில் தூசு இருக்கத்தான் செய்யும், படத்தில் தெரியாது. டக்குமார்களில் சிலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு, காலப்போக்கில் மஞ்சளாகும். அதையும் "பங்கஸ்" என்று காசு கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

ஓரத்தில் இரண்டு மூன்று நூல் தெரிந்தாலும் அவசரப்பட்டுத் திறக்கக் கொடுக்காதீர்கள். லென்ஸைத் திறக்க, வளையத்தின் இரு வெட்டுகளில் கொளுவித் திருப்பும் ஸ்பனர் வேண்டும். பலர் வீட்டுக் கத்தரிக்கோலால் திருப்புவார்கள். வெட்டைச் சுற்றிப் பளபளவென்று கீறல் இருந்தால் அந்த லென்ஸ் ஏற்கெனவே ஒரு கையில் சிக்கியது என்று அறியலாம். அதைவிட மோசம் திரும்பப் பூட்டுவது. போகஸ் புரியைக் கழற்றும்போது அது எந்த இடத்தில் விடுபட்டது என்று குறித்து வைக்காமல், வேறு தொடக்கத்தில் பூட்டினால் இன்ஃபினிட்டி உண்மையாகவே போய்விடும். ஒரு கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாலும் அதே கதை. அதாவது 9,500 ரூபாய் கொடுத்து, இல்லாத நோயை வாங்கி வருவீர்கள். பிறகு எந்தக் கமராவிலும் தோணி தெளியாது. மாற்றுக் கருத்துக் கேட்க முகவர் கடைக்குப் போனால், "இது எங்கட கொம்பனி லென்ஸ் இல்லை" என்று கவுண்டரிலேயே திருப்பிவிடுவார்கள். அடாப்டரின் பொதி உறையைப் பாருங்கள்: "நிக்கோனுக்குப் பொருந்தும்." பொய்யில்லை, பொருந்துகிறதுதான். கடற்கரை தெரியாது என்பதை மட்டும் எழுத மாட்டார்கள்.

அடுத்ததாக உங்களிடம் விற்கப் பார்ப்பது "இன்ஃபினிட்டி அடாப்டர்", நடுவில் சின்னக் கண்ணாடி வைத்தது. தூரம் தெரியும், உண்மை. ஆனால் அந்த மலிவுக் கண்ணாடி எஃப் 1.8இல் படத்தின் மேல் ஒரு புகைப்படலத்தைப் போர்த்தும், எஃப் 5.6க்குச் சுருக்கினால்தான் சகிக்கலாம். நல்ல கண்ணாடிக்குப் பின்னால் கெட்ட கண்ணாடி எதற்கு?

இந்த நிக்கோனில் டக்குமாரைப் பூவுக்கும் முகத்துக்கும் மட்டும் வைத்திருங்கள். லென்ஸின் பின்பக்கத்திலுள்ள ஆட்டோ, மான் (மனுவல்) சுவிட்சை மானுக்குத் தள்ளுங்கள், இல்லாவிட்டால் வளையத்தைத் திருப்பினாலும் அப்பேச்சர் சுருங்காது. கமராவை எம்-இல் (மனுவல் முறையில்) வையுங்கள். ஏ-யில் வைத்தால் சட்டரே அடியாது. டி5300 இந்த லென்ஸுக்கு வெளிச்சம் அளந்து தராது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 1/400 என்று தொடங்கி, படத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். வியூபைண்டரின் கீழ் இடது மூலையில் போகஸ் சரியானதும் எரியும் பச்சைப் புள்ளி இதற்கும் வேலை செய்யும்.

தோணிதான் வேண்டும் என்றால் வேறு கமரா உடல் தேட வேண்டும். பழைய கெனன் டிஎஸ்எல்ஆர் போதும்: அதன் இடைவெளி 44 மி.மீ., மிஞ்சும் 1.46ஐ அடாப்டர் நிரப்பும், கண்ணாடி தேவையில்லை. சோனியின் ஈ மவுண்ட் 18 மி.மீ., ஆகவே அடாப்டர் 27.46 மி.மீ. நீளக் குழாய். வாங்கும்போது வேர்னியரால் அளந்து வாங்குங்கள். அரை மில்லிமீற்றர் கூடினாலே 6 மீற்றருக்கு அப்பால் தெளிவு போய்விடும். கொஞ்சம் குறைந்தால் பாதகமில்லை, வளையம் எட்டுக் குறிக்குச் சற்று முன்னரே தெளியும். சோனியில் சட்டர் அடிக்காவிட்டால் மெனுவில் "லென்ஸ் இல்லாமல் சட்டர்" என்பதைத் தேடி இயக்குங்கள். லென்ஸ் பூட்டியிருக்கும்போது லென்ஸ் இல்லை என்று கமராவிடம் ஒப்புக்கொள்ள வேண்டுமாம்! புதுக் குழாயைப் பூட்டியதும் கல்லடிப் பாலத்திலோ வாவிக் கரையிலோ நின்று அக்கரை விளக்கைப் பாருங்கள், அல்லது இரவில் நிலவை.

"எனது நண்பர் பழைய லென்ஸை நிக்கோனில் போட்டு வெளிச்சவீட்டையே எடுக்கிறார்" என்று நீங்கள் எழுதக்கூடும். அது நிக்கோனின் சொந்த நிக்கோர் லென்ஸ். 1959இலிருந்து அதே எஃப் மவுண்ட்தான், அடாப்டர் வேண்டாம், தூரமும் தெரியும். ஆனாலும் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1977இல் அவர்கள் அப்பேச்சர் வளையத்தின் பின் விளிம்பை வெட்டி மாற்றினார்கள். அதற்கு முந்திய வளையம் முழு வட்டம். டி7000, டி7100, டி7200 ஆகியவற்றிலும் அவற்றுக்கு மேற்பட்ட பலவற்றிலும் கமராவின் மவுண்ட் ஓரத்தில் ஒரு சின்ன நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும்; முழு வட்ட வளையம் அதில் முட்டி நசுக்கிவிடும். உங்கள் டி5300இல் அந்த நாக்கு இல்லை, ஆகவே உங்களுக்கு ஆபத்தில்லை. நண்பருடைய டி7200ஐ இரவல் வாங்கி முழு வட்ட வளையமுள்ள நிக்கோரைப் பூட்டினால் ஆபத்து. லென்ஸைக் கவிழ்த்து வளையத்தின் பின் விளிம்பைப் பாருங்கள்: படியாக வெட்டு இருந்தால் பூட்டலாம், ஒரே வட்டமாக ஓடினால் கைவைக்காதீர்கள். விற்பவர் "எல்லா நிக்கோனுக்கும் போகும்" என்று சத்தியம் செய்தாலும் விளிம்பைப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

பங்கஸ் இனிமேல் வராமலிருக்க, வாப்பாவின் தோல் உறையிலிருந்து லென்ஸை வெளியே எடுங்கள். தோலுக்குள்தான் அது குடியிருக்கும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், சிறிய ஈரமானி போதும். முள் 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் சரி. கச்சான் காற்றடிக்கும் காலத்தில் ஜெல் நெடுநாள் தாங்கும், மாரியில் அடிக்கடி நிறம் மாறும். செம்மஞ்சள் ஜெல் பச்சையானால் அவணில் 120 பாகையில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். நீல ஜெல்லில் கோபால்ட் இருக்கிறது. அதைச் சமையல் சட்டியில் வறுக்க வேண்டாம். அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம், தவிட்டுத் தூசு போகஸ் புரிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.