அரசு சுகாதார அதிகாரி வேலையை விட்டுவிட்டு டெல்டாவில் எம்.எல்.ஏ. தேர்தலில் நிற்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி, 20 ஆண்டு சர்வீஸ் தாண்டிய, மாவட்ட சுகாதார அலுவலர் நிலையில் உள்ள ஒரு மருத்துவரைப் பற்றியது. சீட் கிடைக்குமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வேட்புமனு பரிசீலனை நாளில் ரிலீவிங் ஆர்டர் (பணியிலிருந்து விடுவித்த ஆணை) கையில் இருக்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அரசியலமைப்பின் 191ஆவது பிரிவுப்படி, அரசில் ஆதாயம் தரும் பதவியில் இருப்பவர் எம்.எல்.ஏ. ஆகத் தகுதியற்றவர். நீண்ட லீவு போட்டுவிட்டு நிற்கும் வேலை நடக்காது.

ராஜினாமா கொடுத்தால், தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளின்படி அதுவரை பார்த்த சர்வீஸ் முழுவதும் கணக்கிலிருந்து போய்விடும். 1.4.2003க்கு முன் வேலையில் சேர்ந்து பழைய பென்ஷனில் இருப்பவர் அதைச் செய்வது தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதுதான். அவருக்கு விருப்ப ஓய்வே சரி. 50 வயது அல்லது 20 ஆண்டு தகுதியுள்ள சர்வீஸ் இருக்க வேண்டும், 3 மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கடும் ஒழுங்கு நடவடிக்கைக்கான 17 பி சார்ஜ் மெமோ நிலுவையில் இருந்தால் கோப்பு அங்கேயே நிற்கும். சர்வீஸ் கோட்டாவில் (அரசு மருத்துவர்களுக்கான ஒதுக்கீட்டில்) மேற்படிப்பு படித்தவர் என்றால், அரசுப் பணியில் தொடர்வதாக அப்போது எழுதிக் கொடுத்த பாண்டையும் எடுத்துப் படித்துவிட வேண்டும்.

2021 தேர்தல் தேதிகளை வைத்துக் கணக்குப் போடுங்கள். அறிவிக்கை மார்ச் 12, மனுவுக்குக் கடைசி நாள் மார்ச் 19, பரிசீலனை மார்ச் 20. மூன்று மாத நோட்டீஸ் என்றால் டிசம்பர் நடுவிலேயே கொடுத்திருக்க வேண்டும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை என்றால் டெல்டாவில் வெள்ளம், டெங்கு, எலிக்காய்ச்சல், நிவாரண முகாம். அந்த நேரத்தில் மாவட்ட சுகாதார அலுவலரை விடுவிக்க யாரும் அவசரப்பட மாட்டார்கள். ஆடி, ஆவணியிலேயே கடிதம் போய்விடுவது நல்லது. 2023இல் மத்தியப் பிரதேசத்தில் துணை ஆட்சியர் நிஷா பாங்ரேயின் ராஜினாமா மாதக்கணக்கில் இழுத்தது. அது ஏற்கப்பட்ட வேளையில் ஆம்லா தொகுதிக்குக் கட்சி வேறொருவரை அறிவித்துவிட்டது.

கடிதம் கொடுத்த தேதி வேறு, அது ஏற்கப்பட்ட தேதி வேறு. இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்ற 1975 அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பில், பிரதமர் செயலக அதிகாரியாக இருந்த யஷ்பால் கபூரின் விவகாரம் இதுதான். ராஜினாமா கொடுத்தது 1971 ஜனவரி 13, ஏற்றது ஜனவரி 25. இடைப்பட்ட நாளில் அவர் செய்த தேர்தல் வேலை வினையானது. பிறகு சட்டம் திருத்தப்பட்டது, உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை மாற்றியது. இருந்தாலும் ரிலீவ் ஆகும்வரை கட்சி மேடைப் பக்கம் போகாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம், நடத்தை விதியும் அதற்கு இடம் கொடுக்காது. போன பிறகும் கவனம் தேவை. பழைய பழக்கத்தில் பிஎச்சி (ஆரம்ப சுகாதார நிலைய) மருத்துவர்களிடம் 'கொஞ்சம் பார்த்துக்கங்க சார்' என்று சொன்னால், கெசட்டட் அதிகாரியின் உதவியைத் தேர்தலுக்குப் பெற்றதாக மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(7)இன் கீழ் வழக்கு வரலாம்.

அதிகாரிகள் அதிகம் வழுக்கும் இடம், வேட்புமனுவுடன் கொடுக்கும் பிரமாணப் பத்திரமான படிவம் 26. கடந்த 10 ஆண்டில் அரசு குவார்ட்டர்ஸில் குடியிருந்திருந்தால் வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி நான்குக்கும் பாக்கி இல்லை என்ற சான்று இணைக்க வேண்டும். பட்டுக்கோட்டை, வேதாரண்யம், மன்னார்குடி என்று மாறுதலில் சுற்றியவர் ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனியாக அலைய வேண்டியிருக்கும். 2024இல் மேற்கு வங்கத்தின் பீர்பூமில் முன்னாள் ஐபிஎஸ் தேபாசிஷ் தர் மனு தள்ளுபடியானது இந்தப் பாக்கியின்மைச் சான்று இல்லாததால்தான். கட்சி வேறு ஆளை நிறுத்தியது. படிவத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள், 'இல்லை' என்றாவது எழுதுங்கள்.

மற்றவை எளிது. டெபாசிட் 10,000 ரூபாய், எஸ்சி, எஸ்டி வேட்பாளருக்கு 5,000. அங்கீகரிக்கப்பட்ட கட்சி என்றால் முன்மொழிய ஒருவர் போதும், சுயேச்சைக்குத் தொகுதி வாக்காளர்கள் 10 பேர். பெயர் வேறு தொகுதிப் பட்டியலில் இருந்தால் அதன் சான்றிட்ட நகல் வேண்டும். செலவுக்குத் தனி வங்கிக் கணக்கை மனுவுக்கு முந்தைய நாளே தொடங்கிவிடுங்கள். உச்சவரம்பு 40 லட்சம்.

தொகுதித் தேர்வில் ஒன்று சொல்ல வேண்டும். திருவிடைமருதூர், திருத்துறைப்பூண்டி, கீழ்வேளூர், சீர்காழி தனித் தொகுதிகள். மாவட்ட அதிகாரியை ஊழியர்களுக்குத் தெரியும், கலெக்டர் ஆபீஸுக்குத் தெரியும், ஓட்டுப் போடும் தெருவுக்குத் தெரியாது. ஒரே வட்டாரத்தில் பல வருடம் வட்டார மருத்துவ அலுவலராக இருந்தவருக்கு, என் கணக்கில், அவரைவிட வாய்ப்பு அதிகம். அவரிடமும் கடைமடைக்காரர் முதலில் கேட்கப்போவது ஆஸ்பத்திரியைப் பற்றி இல்லை. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் எங்கள் வாய்க்காலுக்கு எத்தனையாவது நாள் தண்ணீர் வரும் என்றுதான் கேட்பார்கள்.