சிறு தொழிலை வெளிநாட்டுச் சந்தைக்குக் கொண்டுபோக எங்கிருந்து தொடங்குவது?

உள்நாட்டில் வியாபாரம் நிலையாக நடக்கிறது, வெளிநாட்டிலிருந்தும் அவ்வப்போது விசாரித்து மெயில் வருகிறது, அதனால் "உலகம் முழுக்க அனுப்புகிறோம்" என்று இணையதளத்தில் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். ஒரு நாடு, ஒரு பொருள், அதோடு தொடங்குங்கள். ஏற்றுமதி ஆவண வேலையில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன்: நான் பார்த்த வரை சிறு தொழில்கள் வெளிநாட்டில் அடிவாங்குவது பெரும்பாலும் ஆர்டர் கிடைக்காததால் அல்ல. ஆர்டர் கிடைத்த பிறகு சரக்கு ஒரு துறைமுகத்திலும் பணம் இன்னொரு வங்கியிலும் மாட்டிக்கொள்ள, அடுத்த மாதச் சம்பளத்துக்குக் கையில் காசில்லாமல் போவதால்தான்.

எந்த நாடு என்றால், பெரிய சந்தை எது என்று தேட வேண்டாம். நீங்கள் விளம்பரமே செய்யாமல் எங்கிருந்து ஆட்கள் தேடிவந்து கேட்கிறார்களோ அந்த நாடுதான். உங்கள் நாட்டோடு அதற்கு வர்த்தக ஒப்பந்தம் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அந்த வரிச்சலுகை தானாகக் கிடைக்காது, பொருள் உங்கள் நாட்டில் உருவானதுதான் என்பதற்கு ஒப்பந்தம் கேட்கும் சான்று கையில் இருக்க வேண்டும்.

அப்புறம் எச்எஸ் கோடு, அதாவது சுங்கத்தில் பொருள்களை வகைப்படுத்தும் எண். முதல் 6 இலக்கங்கள் பெரும்பாலான நாடுகளுக்குப் பொது, அதற்குப் பின்னால் ஒவ்வொரு நாடும் தன் இலக்கங்களைச் சேர்த்துக்கொள்ளும், வரி அதை வைத்துத்தான். எந்தத் தலைப்பில் வரும் என்று சந்தேகம் இருந்தால், அந்த நாட்டுச் சுங்கத் துறையிடம் முன்கூட்டியே எழுத்தில் முடிவு கேட்கலாம். 2017-ல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம் ஒன்றே இந்த வசதியைத் தரச் சொல்கிறது. ஏனோ சிறு வியாபாரிகள் இதைப் பயன்படுத்துவதே இல்லை, எனக்கு அது ஆதங்கம்தான்.

கோடு தெரிந்தால்தான் வாங்குபவர் வீட்டு வாசலில் உங்கள் பொருள் என்ன விலைக்குப் போய் நிற்கும் என்று கணக்குப் போட முடியும். ஐரோப்பிய ஒன்றியம் சரக்குக் கட்டணம், காப்பீடு இரண்டையும் சேர்த்த மதிப்பில் சுங்க வரி போடுகிறது, அமெரிக்கா பன்னாட்டுச் சரக்குக் கட்டணத்தைச் சேர்ப்பதில்லை. சின்னப் பார்சல்தானே, வரி இருக்காது என்ற பழைய நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரை இருந்த வாட் விலக்கை 2021 ஜூலையில் எடுத்துவிட்டது, 800 டாலர் வரை வரியில்லை என்றிருந்த அமெரிக்காவும் 2025 ஆகஸ்ட் இறுதியில் எல்லா நாட்டுச் சரக்குக்கும் அதை நிறுத்தியது. இந்தக் கணக்கில் மார்ஜின் தேறவில்லை என்றால் அந்தச் சந்தை இப்போதைக்கு உங்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

விலை சொல்லும்போது இன்கோடெர்ம்ஸ் எது என்று சேர்த்தே எழுதுங்கள். செலவும் அபாயமும் எதுவரை விற்பவருக்கு, எங்கிருந்து வாங்குபவருக்கு என்று சொல்லும் விதிகள் அவை. சர்வதேச வணிகச் சபையின் 2020 பதிப்பில் மொத்தம் 11 விதிகள். அதிகம் தடுமாற வைப்பது சிஐஎஃப் (பொருள் விலை, காப்பீடு, கப்பல் கட்டணம் மூன்றும் சேர்ந்தது). போய்ச்சேரும் துறைமுகம் வரை கட்டணமும் காப்பீடும் விற்பவர் தலையில், ஆனால் சரக்கு கப்பலில் ஏறியதுமே சேத அபாயம் வாங்குபவருக்குப் போய்விடுகிறது. நடுக்கடலில் நனைந்துபோனால் யார் பொறுப்பு என்ற சண்டை இங்கேதான் தொடங்கும். டிடிபி, அதாவது வரியும் கட்டிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் விதி, என்று ஒப்புக்கொண்டால் வாங்குபவர் நாட்டின் இறக்குமதி வரியும் உங்கள் பொறுப்பு. பார்ட்டி அன்பாகக் கேட்கிறார் என்பதற்காக முதல் ஆர்டரிலேயே அதற்குத் தலையாட்டாதீர்கள்.

பணத்துக்கு எல்சி (சரியான ஆவணங்களைக் கொடுத்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) பாதுகாப்பு என்பார்கள், பாதுகாப்புதான். ஆனால் வங்கி பார்ப்பது காகிதத்தை மட்டும், சரக்கை அல்ல. இன்வாய்ஸில் உள்ள விவரம் எல்சியோடு ஒத்துப்போகவில்லை என்றால், சரக்கு எவ்வளவு தரமாக இருந்தாலும் பணம் நின்றுபோகலாம். சின்ன ஆர்டருக்கு எல்சி கட்டணமே லாபத்தைத் தின்றுவிடும் என்பதால் ஒரு பகுதி அட்வான்ஸ், மீதி பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ரசீது) நகலைக் காட்டியதும் என்று பேசிப் பாருங்கள். முழுக்கக் கடனுக்கு அனுப்புவது, வாங்குபவர் பணம் தராவிட்டால் ஈடுகட்டும் ஏற்றுமதிக் கடன் காப்பீடு எடுக்காமல், வேண்டவே வேண்டாம். முதல் பணம் கைக்கு வரும்வரை இரண்டாவது கன்சைன்மென்டை ஏற்றாதீர்கள், வாங்குபவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

பிராண்ட் பெயரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். டிரேட்மார்க் உரிமை நாட்டுக்கு நாடு தனி. உங்கள் நாட்டில் விண்ணப்பித்த 6 மாதத்துக்குள் தொழில்துறைச் சொத்துரிமைக்கான பாரிஸ் உடன்படிக்கையின் கீழ், அதில் உறுப்பினராக உள்ள வெளிநாட்டில் விண்ணப்பித்தால் முதல் தேதியே அங்கும் கணக்கில் வரும். விநியோகஸ்தரே உங்கள் பெயரைத் தன் பெயரில் பதிந்துகொள்வதும் நடக்கிற கதைதான், அதனால் சாம்பிள் அனுப்பும் முன்பே இதை முடியுங்கள். அந்த நாட்டில் தான் மட்டுமே விற்க வேண்டும் என்று அவர் தனி உரிமை கேட்டால், ஆண்டுக்கு இவ்வளவாவது வாங்க வேண்டும், தவறினால் உரிமை ரத்து என்று காலக்கெடுவோடு எழுதி வாங்கிவிட்டுக் கொடுங்கள்.