சண்டே மார்க்கெட்டில் வாங்கிய நீலப்பட்டைப் பதக்கம்

கேள்வி: மதுரை திலகர் திடல் சண்டே மார்க்கெட்டில் பழைய சாமான் விற்பவரிடம் ஒரு பதக்கம் வாங்கினேன். கழுத்தில் போட வெளிர்நீலப் பட்டை, அதில் ‘ட’ வடிவத்தில் மஞ்சள் உலோகம், அதற்குள் தொங்கும் சின்னத் தகட்டில் மூன்று சதுரங்கள். பாளையக்காரர் காலத்துத் தங்கம் என்று சொல்லி 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டார், பில் தரவில்லை. மாமியார் இதை மாந்திரீகச் சாமான் என்கிறார். படத்தைப் பார்த்த லண்டன்காரர் ஒருவர், கூரியரில் அனுப்பினால் நல்ல விலை தருவதாகச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?
- வாசகி, செல்லூர்

பதில்: முதலில் உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள், பயப்பட ஒன்றுமில்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது ஃப்ரீமேசன் என்ற பழைய சகோதரத்துவச் சங்கத்தின் பதக்கம். கொத்தனார் கருவிகளே அவர்களின் சின்னங்கள். கிளைத் தலைவருக்கு மூலைமட்டம், அவருக்கு அடுத்த இருவருக்கு ரசமட்டமும் தூக்குக்குண்டும், பொருளாளருக்குச் சாவி, செயலாளருக்குக் குறுக்காக வைத்த இரண்டு பேனா. உங்களிடம் இருக்கும் ‘ட’ அந்த மூலைமட்டம்தான். மூன்று சதுரங்கள் பிதாகரஸ் தேற்றத்தின் படம். பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் வரைந்ததுதான். இரண்டும் சேர்ந்து வந்தால், தலைவராக இருந்து பதவி முடித்தவருக்கு உரிய பதக்கம். ஆற்காடு நவாபின் மகன் உம்தத்-உல்-உமராவே 18-ஆம் நூற்றாண்டில் திருச்சியில் இந்தச் சங்கத்தில் சேர்ந்தவர். நம் பக்கத்துக்கு இது புதிதல்ல. ஆனால் பாளையக்காரருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தங்கமா என்பதை அதன் பின்பக்கமே சொல்லிவிடும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். இங்கிலாந்தில் வெள்ளிக்குப் போடும் நடக்கும் சிங்க முத்திரை இருந்தால் 92.5 சதவீத வெள்ளி. மஞ்சள் நிறம் வெறும் முலாம். கூடவே நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் சோதித்தது, சிறுத்தைத் தலை என்றால் லண்டன். பக்கத்தில் உள்ள ஒற்றை எழுத்து ஆண்டைக் குறிக்கும். முத்திரையே இல்லாவிட்டால் தெற்காவணி மூல வீதிப் பக்கம் ஹால்மார்க் மையத்தில் மெஷினில் காட்டுங்கள். அந்த மெஷின் மேற்பரப்பைத்தான் படிக்கும். முலாம் கனமாக இருந்தால் தங்கம் என்றே காட்டிவிடலாம். அதனால் தேய்ந்த ஓரத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை புளி, சாம்பல், பவுடர் எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். முலாமும் போகும், பொறித்த எழுத்தும் மழுங்கும்.

அந்த எழுத்துதான் முக்கியம். இத்தகைய பதக்கங்களின் பின்னால் பெரும்பாலும் பெற்றவரின் பெயர், கிளையின் பெயர், எண், ஆண்டு எல்லாம் இருக்கும். கிளை எண் கிடைத்தால் இந்தச் சங்கத்தின் இந்தியத் தலைமை அமைப்பான, டில்லியில் உள்ள இந்திய கிராண்ட் லாட்ஜுக்குப் படத்தோடு எழுதிக் கேளுங்கள். அது 1961-ல் தொடங்கியது. அதற்கு முந்தைய பதக்கம் என்றால் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து சங்கங்களில் ஒன்றின் கீழ் இருந்த கிளையாக இருக்கும். ஒருவர் வருடக்கணக்கில் உழைத்துப் பெற்ற மரியாதை இது. அவருடைய பேரப்பிள்ளைகள் தேடிக்கொண்டிருக்கலாம். உருக்கினால் கிடைப்பது வெள்ளியின் எடைக்கான காசு மட்டுமே. தயவுசெய்து உருக்கக் கொடுக்காதீர்கள். திருட்டுப்போன பொருள் என்று தெரியவந்தால் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம், போலீஸில் ஒப்படைத்துவிடுங்கள்.

லண்டன்காரருக்கு இப்போது எதையும் அனுப்ப வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுகளைக் கடந்த இத்தகைய பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. நூறு ஆகவில்லை என்றாலும், இது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொண்டு அனுப்புவதே பாதுகாப்பு.

3,000 ரூபாயைத் திரும்பக் கேட்பது கஷ்டம். தங்கம் என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டு இருந்தால்கூட 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். விற்றவர் அடுத்த ஞாயிறும் அங்கே கடை போட்டிருந்தால், பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பதக்கம் யார் வீட்டிலிருந்து வந்தது என்று கேளுங்கள்.